அழுத்தினால் எழுதும் நிப்பு

"ராங்க் எத்தினி?"

சாமுண்டீஸ்வரி செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மாவின் கேள்வி வந்துவிட்டது.

"ஏழு."

"போன வாட்டி ஒம்போது. பரவால்ல, ஏறிக்கினுதான் கீறே," என்றாள் அம்மா அன்னம்மாள்.

எல்லாரும் அவளைச் சாமு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாம் வகுப்பு. அண்ணனூரில் ரயில் பெட்டிகள் ராத்தங்கும் ஷெட்டுக்குப் பின்னால் வீடு.

அப்பா லோகநாதன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இரும்புக் கம்பி இறக்குகிற வேலை அவருக்கு. ராங்க் கார்டைப் பார்த்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்தார். மறுபடியும் கழுவினார். பிறகு, அப்போதுதான் பொரித்த அப்பளத்தை வாங்குவதுபோல அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

கார்டில் மார்க்குக்குக் கீழே மூன்று கட்டங்கள். பெற்றோர் கையொப்பம் போடும் இடம். காலாண்டுக் கட்டத்தில் அப்பாவின் கட்டைவிரல் ரேகை ஊதா நிறத்தில் பதிந்திருந்தது. அரையாண்டுக் கட்டம் காலியாக இருந்தது.

"இந்த வாட்டி ரேகை கெடையாது," என்றார் அப்பா. "பேர் போடப் போறேன்."

அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "நெஜமாவா சொல்றே?"

"பின்ன? ஆடி மாசத்துலேர்ந்து சாயங்கால கிளாஸ் போய்க்கினு கீறேன். சும்மாவா?"

அது உண்மைதான். அப்பா தினமும் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் தன் பெயரை எழுதிப் பார்ப்பார். லோகநாதன். லோகநாதன். இப்போது ஒரு எழுத்துகூடத் தப்பாது.

"ஆனா நைனா, பென்சில்ல போடக் கூடாது," என்றாள் சாமு. "பால் பேனாவும் கூடாது. எங்க டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க. இங்க் பேனாதான்."

"இங்க் பேனா இன்னா, கடப்பாரையா? குடு இப்டி."

நல்லவேளை, முதலில் காலண்டர் தாளில்தான் எழுதினார். சாமுவின் பேனாவை இறுகப் பிடித்தார். 'லோ' என்று தொடங்கினார். நிப்பின் இரண்டு கால்களும் தவளை உட்கார்ந்ததுபோல அகன்றன. தாளில் ஒரு குட்டை தேங்கியது. குட்டைக்குள் 'லோ' மூழ்கிப் போனது.

"ஐயோ, உன் பேனா!" அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"கொஞ்சம் மெதுவா எழுதிப் பாரு நைனா."

"மெதுவாத்தான் எழுதுனேன் கண்ணு. கை கேக்கமாட்டேங்குது. கம்பியை லேசாப் புடிச்சா கால் மேல உழுந்துடும். அப்டியே புடிச்சிப் புடிச்சி பழகிட்ச்சி."

கார்டைத் திங்கட்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும். அரையாண்டுக்கு இருப்பது ஒரே கட்டம். அதில் மை கொட்டிவிட்டால் வருஷம் முழுக்க அப்படியேதான் இருக்கும்.

"உன் பேனாவை ஒரே ஒரு நாள் கொடுடி," என்று சனிக்கிழமை காலையில் ஜமீலாவிடம் கேட்டாள் சாமு. ஜமீலா அவளுடைய வகுப்பு. ஸ்டேஷன் ரோட்டில் பேனாக்கடை வைத்திருக்கும் சுலைமான் பாயின் மகள். லீவு நாளில் கடையில்தான் இருப்பாள்.

ஜமீலா பேனாவைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "உயிரைக் கேளு, தர்றேன். பேனாவைக் கேக்காதே. நிப்பு என் கைக்குப் பழகினது. வேற கை பட்டுச்சுன்னா என்கிட்டயே கோவிச்சிக்கும்."

"அப்போ நல்ல நிப்பா ஒண்ணு காட்டு. எங்க நைனா கையெழுத்துப் போடணும்."

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. நிப்பைக் கட்டைப் பேனாவில் செருகி, மைக்கூட்டில் தொட்டு, எழுதிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். எழுதிப் பார்த்ததும் நிப்பை ஜமீலா தலைமுடியில் துடைப்பாள். அதனால் அவள் தலையில் எண்ணெய் வாசனையோடு மை வாசனையும் வரும்.

சாமு ஒவ்வொரு நிப்பாகத் தொட்டு எழுதினாள். ஈட்டி மார்க் நிப்பு மெல்லிசாக எழுதியது, ஆனால் கிறீச்சென்றது. கப்பல் மார்க் நடுவில் நடுவில் நின்றுவிட்டது. மயில் மார்க் தங்க நிறத்தில் மின்னியது. தாளின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இதுதான்!" என்றாள் சாமு.

"மயில்னா மயில்தான்," என்றார் சுலைமான் பாய். "கடையிலயே ஒசத்தி அதான். ஹெட்மாஸ்டர்கூட இதான் வாங்குவார்."

பொங்கலுக்கு மாமா கொடுத்த காசு மயிலுக்குப் போனது.

அன்று மாலை அப்பா மயிலைப் பிடித்து 'லோ' எழுதினார். 'க' எழுதினார். 'நா' எழுதும்போது மயில் இரண்டு காலையும் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டது. மை அப்பாவின் விரலில் வழிந்து, முழங்கை வரைக்கும் போனது.

ஷெட்டுக்குள் போகிற ரயில் ஒன்று கூவியது.

"உடு கண்ணு," என்றார் அப்பா, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. "ரேகையே வெச்சிடறேன். அதுவும் என் கைதானே."

அப்பா அன்று காலண்டர் தாளில் பெயர் எழுதிப் பார்க்காமலேயே படுத்துவிட்டார். சாமுவுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பாவையே கடைக்குக் கூட்டிப் போய் எழுதிப் பார்க்கச் சொல்லலாம் என்று சாமு எழுந்தாள். ஆனால் சைக்கிளைக் காணோம்.

"லாரி வருதாம். லீவு நாள்லயும் ஆள் உட்டு கூப்டுட்டாங்க," என்றாள் அம்மா. "சாயங்காலம்தான் வருவாரு."

ஞாயிற்றுக்கிழமைகளில் சுலைமான் பாய் மத்தியானமே கடையைச் சாத்திவிடுவார்.

சாமு தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அப்பா எழுதிப் பழகிய பழைய தாள்கள் கிடந்தன. ஒன்றைச் சும்மா கையில் எடுத்தாள். தாளின் மறுபக்கத்தில் விரல் பட்டது. அங்கே மேடு மேடாக ஏதோ தட்டுப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். 'நா' தெரிந்தது. 'த' தெரிந்தது. அப்பா அழுத்தி எழுதிய எழுத்துகள் பின்பக்கமாகப் புடைத்துக்கொண்டு நின்றன.

பிறகு தன் நோட்டில் தான் எழுதிய ஒரு தாளைத் திருப்பித் தடவினாள். ஒன்றுமே இல்லை. வழவழ.

'அடடா,' என்று நினைத்தாள் சாமு. 'எழுதப் போறது நைனா. எழுதிப் பாத்தது நானு!'

அப்பாவின் தாளை மடித்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

"பாய், எல்லா நிப்பையும் இன்னொரு வாட்டி எழுதிப் பாக்கணும். இந்த வாட்டி நல்லா அழுத்தி எழுதிப் பாப்பேன்."

சுலைமான் பாய்க்குப் பகீரென்றது. நிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "இன்னா பொண்ணு நீ! அழுத்துனா நிப்பு காலி. அப்புறம் யார் தலையில கட்டுறது?"

"என் தலையில கட்ட முடியாது, அது ஏற்கெனவே மையாக் கீது," என்றாள் ஜமீலா.

சாமு தாளை எடுத்து நீட்டினாள். "இதைத் தடவிப் பாருங்க பாய். எங்க நைனா இவ்ளோ அழுத்தித்தான் எழுதுவாரு. இந்த அழுத்தத்தைத் தாங்குற நிப்புதான் எங்களுக்கு வேணும்."

பாய் தடவிப் பார்த்தார். புருவம் மேலே போனது. ஜமீலாவும் தடவினாள். "ஏ, மேடு மேடாக் கீதுடி!"

பாய் நிப்புப் பெட்டியை உள்ளே தள்ளி வைத்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்தார். "இது அத்தனையும் ஜனங்க வாங்கினு போய்ட்டு திருப்பிக் குடுத்தது. இதுல எல்லா மார்க்கும் கீது. எவ்ளோ வேணா அழுத்து. ஆனா சட்டை மேல தெறிக்கக் கூடாது. வெள்ளச் சட்டை."

சாமு வேலையை ஆரம்பித்தாள். நிப்பைச் செருகுவாள், மையில் தொடுவாள், அழுத்தி எழுதுவாள். ஜமீலா தாளைத் திருப்பித் தடவி, அப்பாவின் தாளோடு ஒத்துப் பார்த்துச் சொல்வாள்.

"பத்தாது. இன்னும் அழுத்து."

அழுத்தினாள்.

"இன்னும்! உங்க நைனா கை இன்னா உன் கை மாதிரி கோழி றெக்கையா?"

சாமு எழுந்து நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

"ஆங், இப்போ சரி!"

மயில் மார்க் அந்த அழுத்தத்தில் படுத்துவிட்டது. கப்பல் மார்க் கவிழ்ந்தது. ஈட்டி மார்க் தாளைக் குத்திக் கிழித்து, விண்ணென்று தெறித்தது. மூவரும் மெல்லப் பாயின் சட்டையைப் பார்த்தார்கள். பைக்கு மேலே ஒரு நீலப் பொட்டு.

"ஒண்ணும் சொல்லல," என்றார் பாய். "சீக்கிரம் முடி."

டப்பாவின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு நிப்பு கிடந்தது. தடியாக, குட்டையாக, பார்க்கவே சோம்பேறி மாதிரி இருந்தது. மேலே சின்னதாக நங்கூரம் பொறித்திருந்தது.

"அது வேணாம்," என்றார் பாய். "அது எழுதாது. வாங்கின புள்ளைங்க அத்தனை பேரும் மறுநாளே கொணாந்து மூஞ்சில வீசிட்டுப் போச்சிங்க."

சாமு அதைச் செருகி, மையில் தொட்டு, எப்போதும் எழுதுவதுபோல எழுதினாள். தாளில் ஒரு கோடுகூட இல்லை. எருமை நகர மறுப்பதுபோல நின்றது நங்கூரம்.

"நான்தான் சொன்னேனே."

சாமு மறுபடி எழுந்து நின்றாள். உதட்டைக் கடித்தாள். அழுத்தினாள்.

கோடு வந்தது! நீலமாக, நிதானமாக, ஒரே அளவாக. நிப்பின் கால்கள் கொஞ்சமும் அகலவில்லை. தாள் கிழியவில்லை. 'லோகநாதன்' என்று முழுசாக எழுதி முடித்தாள். ஜமீலா தாளைத் திருப்பித் தடவினாள்.

"அதே மேடுடி! அதேதான்!"

சுலைமான் பாய் நிப்பை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அட, அழுத்துனாத்தான் எழுதுவேன்னு அடம்புடிக்கிற ஜாதியா நீ? இத்தினி நாளா உன்னைத் திட்டிக்கினு இருந்தேனே!" அவரே அதைச் சாமுவின் பேனாக் கழுத்தில் செருகி, நிப்புக்கு அடியில் மை இறங்கும் நாக்கைச் சரிபார்த்து, மையும் ஊற்றிக் கொடுத்தார். "காசு வேணாம். நைனா எழுதிட்டார்னா எனக்கு வந்து சொல்லு. அது போதும்."

மாலையில் அப்பா வந்தார். முகமெல்லாம் இரும்புத் தூசு. சாமு பேனாவை நீட்டினாள்.

"வேணாம் கண்ணு. இன்னொரு நிப்பையும் ஒடைக்கணுமா?"

"இதை ஒடைக்க முடியாது நைனா. அழுத்தி எழுது. எவ்ளோ முடியுமோ அவ்ளோ அழுத்து."

அப்பா சந்தேகமாகப் பேனாவை வாங்கிக் காலண்டர் தாளில் எழுதினார். லோகநாதன். பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. குட்டை இல்லை, கிழிசல் இல்லை. நிமிர்ந்து சாமுவைப் பார்த்தார். மறுபடியும் கையைக் கழுவப் போனார்.

ராங்க் கார்டு விரித்து வைக்கப்பட்டது. அம்மா விளக்கைப் போட்டாள். அப்பா பேனாவைக் கட்டத்துக்கு நேராகக் கொண்டுபோனார். கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். பேனா கட்டத்துக்கு மேலே தொங்கிக்கொண்டே இருந்தது.

"யோவ், மை சொட்டப் போவுது!" என்று அம்மா பதறினாள்.

சாமுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வேறு எந்த நிப்பாக இருந்தாலும் இந்நேரம் சொட்டியிருக்கும். நங்கூரம் சொட்டவில்லை. அழுத்தாதவரை ஒரு துளியும் தருவதில்லை என்று அது கெட்டியாக வாயை மூடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆவாது நைனா," என்றாள் சாமு. அவள் குரல் இப்போது தெளிவாக இருந்தது. "அது காத்துக்கினு இருக்கும். நீ எப்போ வேணா எழுது."

அப்பா ஒரு மூச்சு விட்டார். பேனாவை வைத்தார். அழுத்தினார்.

'லோ' பெரிதாக வந்துவிட்டது. அதனால் மற்ற எழுத்துகள் பஸ்ஸில் நெருக்கி நிற்பவர்கள்போல நின்றன. கடைசி 'ன்' கட்டத்தின் ஓரத்தில் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு நின்றது. மேலே புள்ளியை நச்சென்று வைத்தார் அப்பா.

முடிந்தது. அம்மா சிரித்தாள், முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நாள் முழுக்க இறக்கிய கம்பிகளை இப்போதுதான் கடைசியாகக் கீழே வைத்தவர்போல இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார். "உங்க ஸ்கூல்ல வேற எதுனா கையெழுத்து வேணுமா கண்ணு?"

திங்கட்கிழமை டீச்சர் கார்டைத் திறந்து பார்த்தார். காலாண்டுக் கட்டத்தைப் பார்த்தார். அரையாண்டுக் கட்டத்தைப் பார்த்தார். "அப்பாவே போட்டாரா?"

"ஆமா டீச்சர்."

"நல்லா அழுத்தமா போட்டிருக்கார்," என்று சிரித்தார். இன்னும் கொஞ்ச நேரம் நீயே வைத்துப் பார்த்துவிட்டுக் கொடு என்று கார்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் ஜமீலா கார்டைப் பிடுங்கினாள். அதைத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்பக்கத்தை விரலால் தடவினாள். ஒவ்வொரு எழுத்தாகப் போய், கடைசியில் நின்றாள்.

"சாமு," என்றாள், கண்ணைத் திறக்காமலேயே. "புள்ளிகூடக் கைக்குத் தட்டுதுடி!"