நான் அழித்த ஆள்

பிஜித் தீவின் சுவா துறைமுகத்தில் பழுதுபார்க்கக் கரையேற்றியிருந்த பழைய கப்பலுக்குள் காலை பத்து மணிக்கு இறங்கினோம். எஞ்சின் அறையை லேசர் கருவியால் அளந்து, கணினியில் அப்படியே வடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். ஏணியில் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்தினேன். டீசலில் ஊறி அழுகிய இறைச்சியின் நாற்றம்.

"தரைத்தகட்டுக்குக் கீழ தேங்குற அடிப்பள்ளத்துத் தண்ணி அப்படித்தான் நாறும். சாயங்காலம் சிமெண்ட் ஊத்தி மூடிடுவோம்" என்றார் தலைமை எஞ்சினியர் வாட்டிசோனி.

மேலே படிக்கட்டருகே எஞ்சினுக்கு எண்ணெய் போடும் கெமுவேலியின் மனைவி லோசலினி நின்றிருந்தாள். மூன்று வாரமாக அவனைக் காணோம். லவுட்டோகா துறைமுகத்தில் இறங்கி ஓடிவிட்டான் என்று வாட்டிசோனி சொல்லியிருந்தார்.

கருவி சுழலும்போது யாரும் அதன் கண்ணில் படக்கூடாது. பட்டால் ஆள் உருவம் புள்ளிகளாகப் பதிந்துவிடும். நானும் என்னோடு வேலை செய்யும் இலாய்சாவும் தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, கருவியை நான்கு இடங்களில் வைத்து அளந்தோம்.

மதியம் கணினியில் முதல் அளவைத் திறந்தால், பம்புக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றான்.

"ஏன் மச்சான், ஒரு நிமிஷம் சும்மா நிக்க முடியாதா உனக்கு?"

"போடா. உன் முதுகுல ஒட்டிக்கிட்டுதான நின்னேன்" என்றான் இலாய்சா.

யாரோ கப்பல்காரன் குறுக்கே வந்திருப்பான் என்று அழித்தேன். தினமும் பத்துப் பேரை அழிக்கிறவன் நான்.

இரண்டாவது அளவில் அவனுக்கு முழங்காலுக்குக் கீழே இல்லை.

மூன்றாவதில் மார்புக்கு மேலேதான் தரைக்கு வெளியே.

நான்காவதில் தரைத்தகட்டின் மேல் ஒரு கை மட்டும். மூன்று விரல். புள்ளி சரியாக விழவில்லை என்று அதையும் துடைத்தேன். அறை சுத்தம் என்று வாட்டிசோனியிடம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

வெளியே வரும்போது லோசலினி வழி மறித்தாள். "அண்ணே, உள்ள எங்கயாவது அவரப் பாத்தீங்களா? இடது கையில ரெண்டு விரல் இருக்காது."



திரும்பி ஓடினேன். சிமெண்ட் குழாயை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் தள்ளிவிட்டு, நானும் இலாய்சாவும் பம்பருகே தகட்டை நெம்பினோம். கறுப்புக் குழம்பில் அவன் குப்புறக் கிடந்தான். காலருக்குள் புழு நெளிந்தது. தூக்கியபோது அவன் தோல் எங்கள் கையோடு வழுக்கி வந்தது. இலாய்சா வாந்தி எடுத்தான்.

"கீழ இறங்கின ஆள எண்ணாமதான் தகட்ட மூடிட்டேன். தட்டுற சத்தம் அப்புறம்தான் கேட்டுது" என்று முனகினார் வாட்டிசோனி. கேட்டும் திறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கெமுவேலியை அடக்கம் செய்த பிறகு மறுபடி அளந்தோம். பம்பருகே யாருமில்லை. நிம்மதியாகச் சட்டையைக் கழற்றினேன்.

சட்டையின் இடது தோளில், கறுப்பு எண்ணெயில், மூன்று விரல் தடம்.

அந்தச் சட்டையை எரித்துவிட்டேன். இன்று காலை பெட்டியிலிருந்து பிரித்துப் போட்ட புதுச் சட்டையும் நாறுகிறது.