நாற்பத்து மூன்றாவது பெயர்

காலை எட்டரை மணிக்கு சைராகுல் அலுவலகத்தைத் திறந்தாள். நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் மூடிய கதவுகள், பழைய காகித வாடை, அதற்கு மேல் குளோரின் வாடை. மாவட்ட சுகாதார அலுவலகத்தில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். இப்போது ஆறு பேர் படுக்கையில், மூன்று பேர் வீட்டுத் தனிமையில், ஒருவர் மண்ணுக்குள். மிச்சம் அவள் ஒருத்திதான்.

அந்த ஜூலையில் மலையடிவாரத்து ஊர் முழுக்க வெயிலில் வாயடைத்துக் கிடந்தது. சந்தைக்குப் பூட்டு, பள்ளிவாசலுக்குப் பூட்டு, ஊருக்கு ஊர் சாலையில் கட்டை போட்டு போலீஸ். தினமும் ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை பதினான்கு கிராமங்களிலிருந்து போன் வரும். காய்ச்சல் எத்தனை, ஆஸ்பத்திரிக்குப் போனது எத்தனை, சாவு எத்தனை என்று அவள் எழுதிக்கொள்வாள். மாகாண ஆஸ்பத்திரியில் இதுவரை செத்த இந்த மாவட்டத்து ஆட்களின் பெயர்ப் பட்டியல் தனியாக வரும். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் கூட்டித் தலைநகருக்கு அனுப்ப வேண்டும்.

தாளில் சாவுக்கு இரண்டு கட்டங்கள். பரிசோதனையில் தொற்று என்று வந்தவர்கள் முதல் கட்டத்தில். வராமல் போனவர்கள் இரண்டாவது கட்டத்தில், வெறும் நுரையீரல் சளி. மூச்சு முட்டிச் செத்ததெல்லாம் ஒரே மாதிரிதான். ஆனால் டி.வி.யில் முதல் கட்டத்தை மட்டும்தான் வாசிப்பார்கள். இரண்டாவது கட்டத்தில் ஆட்களைத் தள்ளியது சைராகுலின் கைதான்.

முதல் போன் எப்போதும் கராபுலுன் கிராமத்து மருத்துவ உதவியாளர் ஜுமாஷிடமிருந்துதான்.

"உசுரோட இருக்கியா தங்கச்சி?"

"இருக்கேண்ணே. நீங்க?"

"கண்ணாடியில பாத்தேன், அழகு குறையல. எழுதிக்கோ. காய்ச்சல் ஒம்பது, ஆஸ்பத்திரிக்கு ரெண்டு, சாவு இல்ல. சாவுக்கே இன்னைக்கு ரோட்டுல கட்டை போட்டுட்டாங்க போல." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மிர்லான் எப்படி இருக்கான்?"

"தொண்ணூத்தொண்ணு."

"நேத்து எண்பத்தெட்டு இல்ல? ஏறுது பாரு. வேன் ஓட்டுற கழுதைக்கு மேடு ஏறச் சொல்லித் தரணுமா என்ன?"

மிர்லான் அவள் கணவன். மாகாண ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளாகக் கிடந்தான். போய்ப் பார்க்க வழியில்லை. பதினாலு வருஷம் கூட வாழ்ந்த மனிதன் இப்போது அவளுக்கு ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அளவாக மட்டுமே தெரிந்தான். பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு அவன், அவனுக்கு அவள். அவன் இல்லாமல் அந்த வீட்டுக்குள் நுழைவதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

அன்று வியாழக்கிழமை. செத்தவர்களுக்காக எண்ணெய் காயவைக்கும் நாள். ஆட்டு வால்கொழுப்பும் எண்ணெயும் சேர்த்துச் சூடாக்கி, ஏழு ரொட்டி பொரித்து, பெயர் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். செத்தவர்களால் சாப்பிட முடியாது. வாசனைதான் அவர்களுக்குப் போய்ச் சேரும். ஆனால் இந்த முறை போனவர்களை வெள்ளை உடுப்புப் போட்ட நாலு பேர் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். ஒப்பாரி இல்லை, கூட்டம் இல்லை. பாதி வீடுகளில் அடுப்படியில் நிற்கக்கூட ஆள் இல்லை, எல்லோரும் காய்ச்சலில். நாமாவது செய்வோம் என்று சைராகுலுக்குத் தோன்றிவிட்டது. வீட்டிலிருந்து மாவு பிசைந்து கொண்டு வந்திருந்தாள்.

மத்தியானம், அனுப்ப வேண்டியதை எல்லாம் அனுப்பிவிட்டு, அலுவலகச் சமையலறையில் மின்னடுப்பைப் போட்டாள். ஏழு ரொட்டியும் பொன்னிறமாக உப்பி வந்தன. கொழுப்பின் வாசனை தாழ்வாரம் முழுக்கப் பரவியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதுப் பட்டியலை எடுத்தாள். அவசரத்தில் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அனுப்பியிருந்தாள். பெயர்களைப் படிக்கவில்லை. இப்போது முதல் பெயரிலிருந்து நிதானமாக, வாய்விட்டு வாசித்தாள்.

"நாப்பத்தொண்ணு, கைர்பெக். நாப்பத்திரெண்டு, சோனுன். நாப்பத்துமூணு, மிர்லான்."

வாய் சொல்லிவிட்டது. கண் பிறகுதான் பார்த்தது.

ஊர் சரியாக இருந்தது. வயசு சரியாக இருந்தது. தகப்பன் பெயரும் சரியாக இருந்தது.

அந்த நொடியில் வாசனை நின்றுபோனது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. யாரோ ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொண்டது மாதிரி அறையிலிருந்தே காணாமல் போனது. எண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. ரொட்டியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. தனக்கும் தொற்றிவிட்டதோ என்று பயந்து குளோரின் புட்டியைத் திறந்து மோந்தாள். மூக்கில் சுரீர் என்று ஏறியது. மூக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி எண்களை அழுத்தினாள். வேனெரா என்ற நர்ஸ் எடுத்தாள்.

"அக்கா, அழாதீங்க, அவர் இருக்காரு. நேத்து கட்டில் மாத்துனோம். அவரோட பழைய கட்டில்ல இருந்தவர்தான் இறந்தாரு. அவர் வேற மாவட்டம். தலைமாட்டு அட்டையை மாத்தாம விட்டுட்டோம். எங்க தப்புதான் அக்கா, மன்னிச்சிருங்க."

சைராகுல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ஆனா அக்கா," என்றாள் வேனெரா. "இப்ப ஒரு பத்து நிமிஷமா இறங்கிட்டே இருக்கு. காலையில நல்லா இருந்தாரு. இப்ப எழுபத்தொம்பது. ஏன்னே தெரியல."

பத்து நிமிஷம்.

சைராகுலுக்குத் தெரிந்திருந்தது. உயிரோடு இருப்பவன் பெயரைச் சொல்லி எண்ணெய் காயவைத்திருக்கிறாள். யாரும், எந்தக் கோபத்திலும் செய்யாத காரியம் அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செத்தவர்களிடம் ஒப்படைத்திருக்கிறாள்.

தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் உரசியது.

சரக்... சரக்...

நடுப்பகல். ஜன்னலில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. கதவு பாதி திறந்திருந்தது. வெளியே தாழ்வாரம் வெறிச்சென்று இருந்தது. ஆனால் சத்தம் கேட்டது. வரிசையில் நிற்கும் ஒரு கூட்டம், ஒருவருக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றால் வருமே, அந்தச் சத்தம்.

அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, வீட்டுத் தனிமையில் இருந்த தலைமை மருத்துவர் கமீல் அசானோவிச்சைக் கூப்பிட்டாள்.

"எண்ணிக்கை தலைநகருக்குப் போயிருச்சேம்மா," என்று அவர் இருமினார். "பேரும் போயிருச்சு. மாத்தணும்னா மூணு கையெழுத்து, ரெண்டு முத்திரை. ஊரே பூட்டிக் கெடக்கு. அதுவும் சாவுக் கணக்கைக் குறைக்கணும்னா, மறைக்கிறோம்னு எல்லாரும் பாய மாட்டாங்களா?"

"கமீல் அசானோவிச், எம் புருஷன் உசுரோட இருக்காரு!"

"ரொம்ப சந்தோஷம். நல்லா இருக்கட்டும். நீ ஒண்ணு பண்ணு. நாளைக்கு எப்படியும் யாராவது ஒருத்தர் போவாங்க. அவங்களை எழுதாத. கணக்கு தானா நேராயிரும்."

"அப்ப அந்த ஆளு?"

"அந்த ஆளு வந்து கோவிச்சுக்கவா போறாரு?"

அவருக்கு அது கணக்கு. சைராகுலுக்கு அப்படி இல்லை. கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு வேண்டியது ஒரு ஆள். நாற்பத்து மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது. அங்கே வேறு ஒருவர் போய் நின்றுவிட்டால் மிர்லானை விட்டுவிடுவார்கள். அது பாவம் என்று அவள் மனசு சொல்லத்தான் செய்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை காலை ஆக்சிஜன் அறுபத்தாறு.

ஜுமாஷ் கேலி எதுவும் பேசவில்லை.

"சாவு ஒண்ணு, தங்கச்சி. பெகிமாய். முப்பத்தோரு வயசு. பள்ளிக்கூடத்துல சமையல் பண்ணுவா. நேத்து ராத்திரி மூச்சு நின்னுச்சு. ஆறு வயசுல ஒரு பொண்ணு. அம்மா சடையைக் கையில சுத்திக்கிட்டுத் தூங்குற புள்ள. காலையில அந்தக் கையப் பிரிக்க முடியல எங்களால." மூக்கை உறிஞ்சினார். "எழுதிட்டியா?"

பேனா தாளின் மேல் நின்றது. வெளியே சரக்... சரக்...

"எழுதிட்டேண்ணே."

சாவு என்ற இடத்தில் சுழியம் போட்டாள்.

சத்தம் நின்றது. மத்தியானம் வேனெரா தானாகவே போன் செய்தாள். "அக்கா, எண்பத்தெட்டு! டாக்டரே அதிசயமா பாக்குறாரு!" சைராகுல் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். வெட்கம் பிறகுதான் வந்தது. அதுவும் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஜுமாஷ் ஒரு விசித்திரமான சேதி சொன்னார்.

"பெகிமாய் வீட்டுக்குப் போயிட்டு வரேன். அவளுக்காக எண்ணெய் காயவெச்சாங்க. புகை வருது, ரொட்டி சிவக்குது, வாசனை மட்டும் வரல. வீட்டுல அஞ்சு பேருக்கும் மூக்கு அடைச்சிருச்சு, எல்லாருக்கும் தொத்திருச்சுன்னு ஒரே ரகளை. பரிசோதனை பண்ணினேன். ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. தங்கச்சி... எனக்கும் வாசனை வரல. பக்கத்துல பூண்டு உரிச்சாங்க, அது நல்லா வந்துச்சு."

சைராகுல் போன வெள்ளிக்கிழமைத் தாளை எடுத்தாள். சுழியத்தை அடித்துவிட்டுப் பெயரை எழுதிவிடலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் மறுநாள் மிர்லான் வீட்டுக்கு வருகிறான்.

"அடுப்பு சரியில்லையோ என்னவோண்ணே," என்றாள்.

மிர்லான் வந்தான். பாதி உடம்பாகியிருந்தான். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பது மாதிரி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கட்டிக்கொண்டபோது அவன் கைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் அவள் முதுகுக்கு வந்தன.

முதல் வாரம் சந்தோஷத்திலேயே போனது. கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். கழுதைக்கு இந்தப் புத்தி எப்போது வந்தது என்று அவள் சிரித்தாள். ஊரை அதட்டும் குரல் மெலிந்து போயிருந்தது. நோயில் விழுந்து எழுந்தவர்களுக்கு அப்படித்தான் என்றார்கள். உயிராக நினைத்த வேனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் நோய்தான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ராத்திரியில் அவன் கை அவள் தலைமயிரைத் தேடி எடுத்து, விரலில் சுற்றிக்கொண்டு தூங்கியது. பதினாலு வருஷத்தில் அவன் அப்படிச் செய்ததே இல்லை.

அதற்கு மட்டும் அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. விழித்தபடியே கிடந்தாள்.

மறுநாள் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மிர்லானின் குரல். யாருடனோ போனில், மெதுவாக, கொஞ்சிக்கொண்டு.

"மூணாப் பிரிச்சியா? இப்ப ஓரத்துல இருக்கிறத நடுவுல கொண்டு வா. இறுக்கிப் பிடி, கண்ணு. பாட்டி பின்னினா வலிக்கும்னு தெரியும். அதான் நீயே கத்துக்கோன்னு சொல்றேன்."

போனுக்குள் ஒரு சின்னக் குரல் ஏதோ கேட்டது.

"வரேன். அம்மா வந்துருவேன். ரோட்டைத் தொறக்கட்டும்."

சைராகுல் கதவைத் தள்ளினாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் தன் இடது தோளுக்கு மேல், காற்றில், மூன்று பிரியாகப் பின்னிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் போனை மெதுவாக அணைத்தான். பயந்துபோனது அவன்தான்.

"யாரு?" என்றாள் சைராகுல்.

அவன் போனை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"எம் புருஷன் எங்க?"

அவன் கண்ணில் தண்ணீர் கோத்தது. மிர்லானின் கண். மிர்லானின் உதடு. அதிலிருந்து தாழ்ந்து, மரியாதையோடு, அந்தக் குரல் வந்தது.

"அவரைத்தான் நீங்க பேர் சொல்லி அனுப்பிட்டீங்களே, அக்கா."

சைராகுல் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். அதில் அன்றைய தாள் இருந்தது. பேனாவும் இருந்தது. அவன் அந்தப் பையையே பார்த்தான். பிறகு எழுந்து வந்து, அவள் காலடியில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவள் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"என்னை மட்டும் எழுதிடாதீங்க அக்கா. புள்ளைக்கு இன்னும் சரியாப் பின்ன வரல."