களைத்த முகம்

"கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் படு. களைச்ச மூஞ்சியோட டாக்டர் முன்னால போய் நின்னா நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

மாமியாரின் இந்தச் சட்டத்திலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் விலக்கு கிடையாது. மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இதுவரை பார்த்த மூன்று டாக்டர்களிடமும் இப்படித்தான்... படுத்து எழுந்து, முகம் கழுவி, காலையில் முதல் டோக்கன்! "என் கையை அமுக்குங்க" என்பார் டாக்டர். அமுக்குவாள். "தெம்பாத்தானே இருக்கீங்க?" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்.

"சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க அத்தை. அப்பத்தானே எனக்கு..."

"ஆமா! காலைல அத்தனை துணியையும் பிழிஞ்சு போடற. பொழுது சாய்ஞ்சா தலை வார கை தூக்க முடியலைங்கற. வியாதி கடிகாரம் பார்த்தா வரும்?"

கணவன் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். அம்மாவும் மனைவியும் மோதிக்கொள்ளும்போதெல்லாம் அவனுக்கு ஷூ நாடாதான் முக்கியம்.

மருமகளுக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம்தான் அதிகம். மாமியார் இடுப்பெலும்பு உடைந்து கிடந்தபோது, பார்த்த வேலையை விட்டுவிட்டுத் தூக்கிக் குளிப்பாட்டியவள் அவள். அந்தக் கை இப்போது நடிக்கிறதாம்!

நாலாவது டாக்டர் ஒரு பெண். மாமியார் உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"உடம்புல ஒண்ணும் இல்லைம்மா. நாலு வார்த்தை புத்தி சொல்லி அனுப்புங்க."

டாக்டர் தன் கையை அமுக்கச் சொன்னாள். மருமகள் அமுக்கினாள். மாமியார் முகத்தில் 'பார்த்தீங்களா?' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"சரி, ரெண்டு கையையும் நீட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது. கண்ணை மேலே தூக்கி அந்த ஃபேனையே பாருங்க."

இப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை. முதலில் கைகள் நின்றன. பிறகு நடுங்கின, தாழ்ந்தன, மடியில் விழுந்தன. இமைகள் சரிந்து பாதிக் கண்ணை மறைத்தன.

"நல்லாத் தூக்குடி!"

"முடியலை அத்தை..." குரல் மூக்கால் வந்தது.

டாக்டர் ஐஸைக் கையுறைக்குள் போட்டு ஓர் இமைமேல் வைத்துக் காத்திருந்தாள். எடுத்தபோது அந்த இமை மட்டும் நிமிர்ந்திருந்தது.

"இது நடிப்பு இல்லைம்மா. ஐஸ் பட்ட இமை மட்டும் எழுந்துச்சு, பாருங்க. நரம்பு சொல்றது தசைக்குச் சரியாப் போய்ச் சேரலைன்னு தோணுது. வேலை செய்யச் செய்ய தெம்பு இறங்கும், ஓய்வெடுத்தா திரும்பும். ரத்தம் பார்த்து உறுதி பண்ணுவோம். மாத்திரை இருக்கு. ஆனா மூச்சு முட்டினாலோ, முழுங்க முடியலைன்னாலோ உடனே ஓடி வரணும்."

"எனக்குத் தெரியலையே..." என்றான் கணவன்.

"சொன்னேனே! தினமும் சொன்னேனே!" அவள் வெடித்தாள். "ஒவ்வொரு தடவையும் படுக்க வெச்சு, வியாதியை ஒளிச்சு வெச்சுக் கூட்டிட்டு வந்தீங்களே அத்தை... யார் நம்புவா என்னை?"

மாமியார் மருமகளின் மடியில் துவண்டு கிடந்த கைகளையே பார்த்தாள். தன்னைத் தூக்கிய கைகள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"பாவி நான்... என்னைத் தூக்கித் தூக்கியே தேய்ஞ்ச கைடி இது!"

"அதனால வந்தது இல்லை அத்தை" என்றாள் மருமகள். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அணைக்கத்தான் நினைத்தாள், கைகள் எழவில்லை.

மாமியார் குனிந்தாள். அந்த இரண்டு கைகளையும் தானே எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீ தூக்க வேண்டாம்டி... நான் பிடிச்சுக்கறேன்."