நனைந்தால் தெரியும் எழுத்து

"அந்த எஸ்ஸ யாருங்க போடச் சொன்னது?"

இளஞ்செழியன் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

கடை வாசலில் ஒரு பெண். மழையில் நனைந்து தோளோடு ஒட்டிய துப்பட்டா... அழுது அழுது வற்றிப்போன கண்கள். அந்தக் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த கறுப்பு கிரானைட் பலகையையே பார்த்தன.

உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், கல்லறைப் பலகைகளுக்கு எழுத்து வெட்டிக் கொடுக்கும் கடை அது. அந்தப் பலகையில் இரண்டு பெயர்கள். ஒரு அப்பா. ஒரு மகன். கீழே, இறந்தவருக்கு இளைப்பாறுதல் கேட்கும் ஒரு லத்தீன் வரி.

அவன் பெருமையாகவே சொன்னான்.

"நீங்கதானா வாட்ஸப்ல அனுப்புனது? அதுல EI-னு இருந்துச்சுங்க. அது ஒருமை... 'அவருக்கு'. பேரு ரெண்டு இருக்கே, அப்ப பன்மைதானே வரணும்? EIS. 'அவர்களுக்கு'. நானே திருத்திட்டேன்."

வாடிக்கையாளர்கள் போனில் காட்டும் லத்தீன் வரிகளைப் புரியாமலே வெட்டிக்கொண்டிருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்லைனில் ஆரம்ப லத்தீன் படிக்கிறான். நான்காம் வேற்றுமை இப்போதுதான் முடிந்திருந்தது. தமிழில் 'கு' ஒட்டுகிற இடத்தில், லத்தீனில் சொல்லின் வாலே மாறிப்போகும். அந்த அட்டவணையைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். அவன் கண்டுபிடித்த முதல் பிழை இது. பாராட்டுவாள் என்று நினைத்தான்.

"அது தப்பில்லைங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. "ஒருத்தர்தான் செத்திருக்காரு."

அவன் திரும்பிப் பலகையைப் பார்த்தான்.

அவள் பெயர் நிர்மலா. வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவள் அப்பா நோணாங்குப்பம் உப்பங்கழியில் நண்டு வலை போட்டுப் பிழைத்தார். ஆடி மாதத்தில் ஒருநாள் தம்பி பிரேம்குமாரையும் துணைக்குக் கூட்டிப் போனார். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. அப்பா பிணமாகக் கரை ஒதுங்கினார். தம்பி ஒதுங்கவில்லை.

இனிமேல் எங்கே வரப்போகிறான் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். கல்லில் இரண்டு பேரையும் போடச் சொன்னவர் அவர்தான். அம்மா தலையாட்டிவிட்டாள். நிர்மலாவால் எதிர்த்துப் பேச முடியவில்லை. லத்தீன் வரியை மட்டும் தானே அனுப்புவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். மாதா கோயில் பாட்டுக்குழுவில் லத்தீன் பாட்டுக்காக அவளுக்கு ஒருமை பன்மை சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"எங்க வீட்ல யாருக்கும் லத்தீன் தெரியாது. ஊர் பூரா அவன் செத்துட்டான்னு சொல்லட்டும்... ஒரு எழுத்துலயாவது அவன் உயிரோட இருக்கட்டும்னுதான் அப்படி அனுப்புனேன்." இப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "பாண்டிச்சேரி முழுக்க அதப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு... நீங்களா இருக்கணுமா?"

கல்லில் வெட்டியதை அழிக்க முடியாது.

புதுப் பலகை தருகிறேன் என்றான். கல்லறைத் திருநாளுக்குள் வைத்தாக வேண்டும், மாமாவிடம் காரணம் சொல்ல முடியாது என்றாள். கடைசியில் கறுப்புக் கல் தூளைப் பசையில் குழைத்து அந்த எஸ்ஸை அடைத்தான். தேய்த்து மினுக்கினான். விரல் வைத்துத் தடவிப் பார்த்தாள்... தெரியவில்லை. நன்றி சொல்லாமலே போனாள்.

அந்தக் கண்கள் போகவில்லை. மெஷின் ஓடும்போதும், பாடம் கேட்கும்போதும் எதிரே நின்றன.

நவம்பர் இரண்டு. இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள். காலையிலிருந்தே மழை. பூவும் மெழுகுவத்தியுமாகத் தோட்டம் நிறைந்து கிடந்தது. அம்மாவையும் மாமாவையும் வாசலில் பூ வாங்க விட்டுவிட்டு, நிர்மலா முன்னால் வந்தாள்.

அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் செழியன் நின்றிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் விரித்த குடை. குடை அவனுக்கு மேல் இல்லை... பலகையின் ஓரத்துக்கு மேல் இருந்தது.

"இன்னா பண்றீங்க இங்க?"

அவன் திருதிருவென்று விழித்தான். கல் நனைந்தால் கன்னங்கரேல் என்று ஆகிவிடுகிறதாம். பூச்சு மட்டும் வெளிறி நிற்கிறதாம். மழை பெய்தால் எஸ் தெரிகிறது என்று இழுத்தான்.

"அம்மாவுக்கு லத்தீன் படிக்கத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. யாருக்குப் பயந்து குடை புடிக்கிறீங்க?"

"நீங்க படிப்பீங்களே..."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குள் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. வேண்டாம் என்று அதட்டினாள். அது கேட்கவில்லை.

அதற்குப் பிறகு, பாட்டுப் பயிற்சி முடிந்து வரும் வழியில் கடையில் ஐந்து நிமிடம் நிற்பாள். அவன் உச்சரிப்பைக் கிண்டல் செய்வாள். "லத்தீனா இது? சன்டே மார்க்கெட்ல வெல சொல்ற மாதிரி இருக்கு." செத்துப்போன பாஷைதானே, வந்து சண்டையா போடப்போகிறது என்பான் அவன். சிரிப்பு உதட்டு வரை வரும்... பலகையில் பாதி வெட்டிய யாரோ ஒருவரின் பெயரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடும்.

ஒருநாள் அவன் மென்று விழுங்கி ஆரம்பித்தான்.

"நிர்மலா... உங்ககிட்ட ஒண்ணு..."

"சொல்லாதீங்க." சட்டென்று விலகினாள். "என் தம்பி வரட்டும். அதுவரைக்கும் எனக்குன்னு எதுவும் கெடையாது. நான் சிரிச்சா அவன நானே பொதைச்ச மாதிரி."

அப்புறம் அவள் கடைப் பக்கம் வரவில்லை. பொங்கல் வந்தது, போனது.

ஒரு மத்தியானம் அவன் போன் அடித்தது.

"கதிர்காமம் ஆஸ்பத்திரில இருக்கேன்." நிர்மலாவின் குரல். "அம்மாவால உள்ள வர முடியல. மாமா ஊர்ல இல்ல... நீங்க வர்றீங்களா?"

தண்ணீர் வற்றிய அலையாத்திக் காட்டுச் சேற்றில், வேர்களுக்கு நடுவே ஓர் உடலின் மிச்சம் கிடைத்ததாம். பிணவறையில் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள். முகம் என்று சொல்ல ஏதுமில்லை. மக்கிப்போன ஜீன்ஸின் இடுப்புப் பகுதி. அதில் ஒரு பட்டன்... பச்சை நைலான் நூலில் இறுகத் தைத்தது.

நண்டு வலை நூல். தையல் நூல் தீர்ந்துபோன அன்றைக்கு அவள்தான் தைத்துக் கொடுத்தாள். உயிர் போனாலும் இது போவாதுடா என்று சிரித்துக்கொண்டே தைத்தாள்.

அவள் அழவில்லை. பச்சை நூலைத் தொடப் போன கை பாதியில் நின்றது. அந்தக் கையைச் செழியன் பிடித்துக்கொண்டான். அவள் விலக்கவில்லை.

அம்மாவின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, அவன்தான் என்று உறுதி செய்தார்கள். மண் தோண்டி, அப்பாவுக்குப் பக்கத்திலேயே அவனையும் வைத்தார்கள். எல்லோரும் போன பிறகு நிர்மலா மட்டும் நின்றாள். கொஞ்சம் தள்ளி, செழியன்.

"உளி எடுத்தாந்தீங்களா?"

எடுத்து வந்திருந்தான். மண்டி போட்டு உட்கார்ந்தான். சின்ன உளியை வைத்துப் பூச்சைத் தட்டினான். துணுக்கு துணுக்காக உதிர்ந்தது. பாதியில் உளியை அவள் வாங்கிக்கொண்டாள். கடைசித் துணுக்கைத் தானே எடுத்தாள். பாட்டில் தண்ணீரை ஊற்றித் தூளைக் கழுவிவிட்டாள்.

EIS.

"இப்ப இலக்கணம் சரியா இருக்கு," என்றாள். அப்போதுதான் உடைந்தாள். அவன் தடுக்கவில்லை. வெயில் பலகையைக் காயவைக்கும் வரை பக்கத்திலேயே இருந்தான்.

"அப்பாவும் அவனும் பன்மையாயிட்டாங்க..." முகத்தைத் துடைத்தாள். "நான்தான் ஒருமையா நிக்கிறேன்."

செழியன் உளியைத் துணியில் சுற்றினான். பிறகு பிரித்தான். மறுபடி சுற்றினான்.

"ஒரு திருத்தம் பண்ணலாமா?" என்றான். "போன தடவ கேக்காம பண்ணிட்டேன். இந்தத் தடவ... கேட்டுட்டுத்தான். உங்கள எனக்கு ரொம்பப் புடிக்கும், நிர்மலா. அந்த ஒருமைய நான் பன்மையாக்கட்டுமா?"

அவள் கல்லைப் பார்த்தாள். பிறகு அவனை.

"எஸ்ஸ போடுங்க," என்றாள். "இத அடைக்கச் சொல்ல மாட்டேன்."