கை பட்டால் கணக்கில்லை

“கையை எடுங்கன்னு சொன்னேனா இல்லையா?”

“எங்க சொன்னீங்க? சொல்றதுக்கு மூச்சு வேணுமே...”

“பதினாறு முடிச்சிருந்தேன். இன்னும் நாலுதான் பாக்கி. உங்களை யாரு...”

“கண்ணு செருகிடுச்சுங்க. மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். நாள் முழுக்கக் கண்ணைத்தான் பார்க்கறேன், எனக்குத் தெரியாதா?”

“செருகலை. மூடினேன்.”

அவனுக்குத் திக்கென்றது. கம்பியைப் பிடித்த வாக்கிலேயே கைகள் காற்றில் நின்றன.

தோளில் எடைக் கம்பியோடு இருபது முறை உட்கார்ந்து எழ வேண்டும். நடுவில் இறக்கக் கூடாது. நின்றபடியே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அப்படித்தான் கண்மூடி நின்றாள் அவள். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்தவனோ, ஒரு பெண் நின்ற நிலையில் மயங்குகிறாள் என்று பதறி, ஓடிவந்து கம்பியைத் தூக்கித் தாங்கியில் வைத்துவிட்டான்.

“அடுத்தவங்க கை பட்டா அத்தனையும் வீண். இன்னிக்கு முடிச்சாத்தான் பளுதூக்கும் அணியில இடம். போன வருஷமும் இந்த மூச்சாலதான் போச்சு...”

“என்ன சத்தம்?” பயிற்சியாளர் அம்மாள் வந்து நின்றார். “டேய், சாப்பாட்டை வச்சுட்டுப் போன்னுதானே சொன்னேன்?”

டேயா? அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் பிள்ளையா இவன்...

“தப்பு என்மேலதாம்மா. இவங்களைச் சேர்த்துடு.”

“வேண்டாம்,” என்றாள் அவள் வெடுக்கென்று. “பிள்ளை செஞ்ச தப்புக்கு அம்மா குடுத்த இடம்னு ஊரே சொல்லும். ஒண்ணுலேருந்து போடறேன்.”

“கால் நடுங்குதேடி, சுண்டெலி. மழை விடற வரைக்கும் உட்காரு.”

தகரக் கூரையில் மழை தடதடத்தது. ஒரே பெஞ்சு... ஆளுக்கொரு ஓரம்.

“சுண்டெலியா?”

“சிரிச்சீங்க, கம்பி உங்க தலையிலதான் இறங்கும்.”

“சிரிக்கலைங்க. மழை விடக்கூடாதுன்னு வேண்டிட்டிருக்கேன்.”

“என் காலுக்காகவா?”

“முதல்ல அதுக்காகத்தான்...”

அவள் சட்டென்று திரும்பினாள். வியர்வையில் ஒட்டியிருந்த இமைகள் படபடத்தன. அவன் மிச்சத்தைச் சொல்வதற்குள், பாழாய்ப்போன மழை விட்டுவிட்டது.

அவள் மறுபடி கம்பியைத் தோளில் ஏற்ற, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எதிரே நின்றான் அவன். பத்துவரை ஒன்றுமில்லை. அப்புறம் நெஞ்சுக்குள் யாரோ துருத்தி ஊதினார்கள். பதினாறு... இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் மறுபடி ஓடிவந்து தொலைப்பானே! அதனால் அவன் கண்களையே பார்த்தாள். பதினெட்டு... பத்தொன்பதில் முழங்கால் மடங்கியது, எழ மறுத்தது. அவன் அசையவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டான்.

இருபது.

கம்பி ணங்கென்று தாங்கியில் உட்கார்ந்தது.

“அணியில சேர்த்தாச்சு, போ,” என்ற அம்மாள், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

அவள் தரையில் மல்லாந்தாள். மூச்சு மெல்ல மெல்ல வசத்துக்கு வந்தது. ஆனால் அந்த அறையில் இன்னொரு மூச்சு, இன்னும் புஸ்புஸ்ஸென்று... யாருடையது? தலையைத் திருப்பியவள் அதிர்ந்துபோனாள். சுவரில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, காதுவரை சிவந்து நின்றான் கண்ணாடிக்காரன்.

“தூக்கினது நான்தானே... உங்களுக்கு ஏங்க இப்படி மூச்சு வாங்குது?”