சிவப்புக் கவர் போட்ட சைக்கிள்

கார்த்திகை மழைக்கு நேரங்காலம் தெரியாது என்பார்கள். மோகனா அதை நம்ப மாட்டாள். அவள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் நேரம் அதற்கு நன்றாகவே தெரியும்... பார்த்துப் பார்த்துக் கொட்டும்.

அன்று அவள் வேலை பார்க்கும் பகுதிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் அங்கிருந்தவர்களை மட்டும் முதல் ஷிஃப்ட் பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். மாலை மூன்றரைக்கு வர வேண்டியவள், பகல் ஒரு மணிக்கெல்லாம் உத்திரமேரூர் தாண்டி கூட்ரோட்டில் இறங்கினாள். நாலு மணிக்கே எழுந்த கண்கள் எரிந்தன. பத்து மாதமாக நின்றபடியே வேலை... கெண்டைக்கால் இரண்டும் கல்லாய்க் கனத்தன. அரை நாள் கிடைத்ததற்குச் சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய் விழ வேண்டும். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு அவ்வளவுதான் ஆசை!

டீக்கடை ஓரமாகச் சைக்கிள்கள் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. எல்லாம் பதினொன்றாம் வகுப்பில் பெண்பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்தவை. ஒரே நீலம், ஒரே கூடை. கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி ஒரே ஜாடையில் இருக்க மாட்டார்கள். பூட்டுகளும் அதே லட்சணம்... ஒரு சாவி நாலு பூட்டைத் திறக்கும். அதனால்தான் மோகனா தன் சீட்டின் மேல் ஜவுளிக்கடையின் சிவப்பு பிளாஸ்டிக் கவரை மாட்டி வைப்பாள். சிவப்பு தெரிந்தால் அவளுடையது. தூக்கக் கலக்கத்தில் அதற்கு மேல் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

இப்போது அந்தச் சிவப்புக் கவரை ஒருவன் கழற்றிக்கொண்டிருந்தான்! கழற்றிப் பக்கத்து சைக்கிளில் வைத்துவிட்டு, பூட்டில் சாவியை நுழைத்தான். டக்கென்று திறந்தது.

"ஏய்! யார்ரா அது, என் சைக்கிள் மேல கைய வைக்கிறது?"

அவன் திரும்பினான். இமைகளில் மழைத்துளி... அதற்குப் பின்னால் அகலமான கறுப்புக் கண்கள். அந்தக் கண்களில் பயம் இல்லை. ஏதோ வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்கப் போகிறவன்போல இருந்தான். ஒரே ஒரு நொடி மோகனாவின் நெஞ்சு எங்கோ வழுக்கியது. அதை மறைக்கத்தானோ என்னவோ, கோபம் இரண்டு மடங்காக வந்தது.

"மேடம்... இது என்துங்க. உங்களுது அதோ பக்கத்துல..."

"இன்னாது? லேடீஸ் சைக்கிளு உன்னுதா? திருட்டுப் பயலே!"

டீக்கடை மொத்தமும் சிரித்தது. யாரோ சொன்னார்கள். "ஏரிக்கர இருளப் பையன்மா அது. பூட்டு தொறக்கிறது அவங்களுக்கு யாராவது சொல்லிக் குடுக்கணுமா?"

அவன் கண்களில் இருந்த சிரிப்பு சட்டென்று அணைந்தது. கவரைப் பழைய இடத்திலேயே மாட்டினான். சாவியை உருவிக்கொண்டு இரண்டடி தள்ளி மழையில் போய் நின்றான்.

இரண்டாம் ஷிஃப்ட் பஸ் வந்திருந்தது. அதன் சூப்பர்வைசர் நமச்சிவாயம் படியில் நின்றபடியே, "திருட்டுப் பேர் எடுத்தவன என் பஸ்ல ஏத்த மாட்டேன்பா. வேற வேல பாத்துக்கோ" என்றார். கதவு மூடிக்கொண்டது. அவன் யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஏரிக்கரைப் பக்கம் நடந்தான்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் மோகனா சைக்கிளை மிதித்தாள். ஏரிக்கரை மேடு வந்தது. தினமும் அவள் உயிரை வாங்குகிற மேடு... ஒவ்வொரு மிதிக்கும் இடது பெடல் 'கடக் கடக்' என்று அடித்துக்கொள்ளும். இன்று அது இல்லை. நேற்று மாலையும் இல்லை. நேற்று அவள் நினைத்தாள்... பரவாயில்லையே, உடம்பு பழகிவிட்டது போலிருக்கிறது!

வீட்டு வாசலில் சேற்றைக் கழுவும்போதுதான் காரணம் தெரிந்தது. செயின் கவரில் வெள்ளை பெயிண்டால் குண்டு குண்டாக எழுதியிருந்தது.

ஏ. துரை, 11 - ஆ.

மோகனா குவளையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நேற்று வேறொருவன் சைக்கிளை எடுத்து வந்தது அவள். தன்னுடையதைத் திருப்பி எடுக்க வந்தவனைத் திருடன் என்றதும் அவள். கடவுளே...

தறியில் உட்கார்ந்திருந்த அப்பா வெங்கடேசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாடாவை நிறுத்தினார். "வுடும்மா. காலையில அத்த அங்க வுட்டுட்டு உன்னுத எடுத்துக்கினு வந்துடு."

"அவரு வேல போச்சு நைனா."

"அதுக்கு? இருளங்க எதிர்ல போயி நாம தல குனியறதா?"

மோகனா குவளையை வைத்துவிட்டு உள்ளே போனாள். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கண்கள் அணைந்த நொடி திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் டீக்கடைக்குப் போனாள். அவளுடைய சைக்கிள் அங்கேயே அநாதையாக நின்றது. கடைக்கார கங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்ய! முந்தாநேத்து திங்கக்கெயம காத்துல உன் கவரு பறந்துச்சும்மே. சீட்டு நனையுதேன்னு நான்தான் எடுத்து ஏதோ ஒண்ணுல மாட்டினேன். எல்லாம் ஒரே மாதிரி கீது, எனக்கு இன்னா தெரியும்?"

மோகனா துரையின் சைக்கிளிலேயே ஏரிக்கரையில் போனாள். ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கல் நிரம்பி, தண்ணீர் பாதையின் மேல் வழிந்தோடியது. இறங்கித் தள்ளினாள். முழங்கால்வரை குளிர்ந்தது. அந்தப் பக்கத்து வயலில் துரை கூலிக்கு நாற்றுக்கட்டு தூக்கிக்கொண்டிருந்தான்.

அவளைப் பார்த்தான். அவளைவிட முதலில் சைக்கிளைப் பார்த்தான். கரையேறி வந்து செயின் கவரை உள்ளங்கையால் தடவினான்.

"பேரு தெரியுது..."

"கழுவினேன்."

"பையனுங்க சைக்கிளு பத்தல. கடைசியா நின்னவன் நான்... இத்தத் தந்தாங்க. கிளாஸே சிரிச்சுது. பரவால்லன்னு வாங்கிக்கினேன்." அவன் குரல் களைத்திருந்தது. "எங்க ஏரியாவுல பதினொண்ணாவது போனவன் நான் ஒருத்தன்தாங்க. அதுக்கு அத்தாட்சியா வேற இன்னா கீது எங்கிட்ட?"

"என்ன மன்னிச்சுடுங்க... ப்ளீஸ்."

"இங்க கேக்கிறீங்க. இங்க யாரு கீறாங்க? நாத்தும் கொக்கும்தான்." அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "அந்த வார்த்த எங்காளுங்க மேல வியுந்தா சும்மா போவாதுங்க. இனிமே இந்தப் பக்கம் ஒரு கோயி காணாம போனாலும் மொதல்ல ஜீப்பு எங்க வூட்டாண்டதான் வரும். அங்க சொன்னத அங்கதான் எடுக்கணும்."

மோகனா தலையாட்டினாள். "நாளைக்கு ஒரு மணிக்கு வாங்க" என்றாள். சைக்கிளை அவனிடம் விட்டுவிட்டுத் திரும்பி நடக்கப் போனவளை அவன் குரல் நிறுத்தியது.

"ஏங்க... உங்க சைக்கிள்ல இப்ப சத்தம் வராது."

"என்னாங்க?"

"திங்கக்கெயம ஷிஃப்ட் முடிஞ்சு, இருட்டுல என்துன்னு நெனச்சு உங்களுத ஓட்டினு போயிட்டேன். சாவி சேந்துச்சு. பெடல்ல காட்டர் பின்னு தேஞ்சு கீது... நானே மேட்டுல திணறிட்டேன். இத்த வெச்சிக்கினு தெனம் எப்பிடி ஏர்றாங்களோன்னு பாவமா போச்சு. காலையில பின்ன மாத்தித்தான் கொணாந்தேன்."

பத்து மாதமாக அவள் கால் வலியை வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை. முகம் தெரியாத ஒருவன், அவள் சைக்கிளை ஒரு தடவை மிதித்துப் பார்த்தே தெரிந்துகொண்டான்! கலங்கல் தண்ணீரில் இறங்கி நடந்தபோது அவள் அழுதாள். மழை பெய்ததால் வசதியாகப் போயிற்று.

மறுநாள் பகல் ஒரு மணி. அன்றும் மோகனா வேலைக்கு லீவு போட்டிருந்தாள். அதே டீக்கடை, அதே முகங்கள். துரை தன் சைக்கிளோடு புளியமரத்தடியில் தள்ளியே நின்றான். பஸ் வந்தது. நைனாவின் குரல் மோகனாவின் காதில் கேட்டது. போய்விடலாமா... யாருக்கும் தெரியாமல்...

அவள் பஸ்ஸின் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க! அன்னிக்கு இவரத் திருடன்னு கத்தினது நான்தான். அது பொய். இவரு சைக்கிள எடுத்துக்கினு போனது நான். தூக்கக் கலக்கத்துல கவரப் பாத்தேன், சைக்கிளப் பாக்கல. இவரு வந்து தன்னுதத்தான் எடுத்தாரு. பேரு எழுதிக்கீது, கண்ணு இருக்கிறவங்க வந்து பாருங்க!"

யாரும் சிரிக்கவில்லை. கங்கம்மாள் மட்டும் டம்ளரை நங்கென்று வைத்து, "ஆமா, கவர மாத்தி மாட்டினது நானு" என்றாள்.

நமச்சிவாயம் படியில் நெளிந்தார். "சரி, சரி... ஏர்றா."

"சரி சரி இல்ல சார். நீங்களும் எல்லார் எதிர்லயும்தான் சொன்னீங்க."

அவர் அவளைப் பார்த்தார். பஸ் முழுக்க ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்புதாம்பா துரை. மனசுல வெச்சுக்காத. ஏறு."

துரை சைக்கிளைப் பூட்டினான். படியேறும்முன் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அணைந்துபோன அந்தச் சிரிப்பு கண்களில் திரும்பி வந்திருந்தது... அப்பாடா!

அதன்பின் மூன்று வாரம் இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. அவள் இறங்கும்போது அவன் போயிருப்பான். அவன் இறங்கும்போது அவள் தூங்கியிருப்பாள். ஆனால் தினமும் மூன்றரைக்கு, எவ்வளவு மழையானாலும், அவள் சீட் மட்டும் காய்ந்திருக்கும். கவரைக் கயிறு போட்டு இறுகக் கட்டியிருப்பான். ஒரு நாள் செயினில் புது எண்ணெய். ஒரு நாள் டயரில் காற்று. அவளும் விடவில்லை. தன் துப்பட்டாவால் அவன் சைக்கிள் பேரைத் துடைத்துவிட்டுத்தான் போவாள்... சேறு மூடிவிடக் கூடாதே! டீக்கடையில் கங்கம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, பார்க்காததுபோல் பாத்திரம் தேய்ப்பாள்.

மார்கழி பிறந்ததும் ஷிஃப்ட் மாறியது. துரையும் முதல் ஷிஃப்ட்டுக்கு வந்தான். ஒரே பஸ்ஸில் வந்தாலும், இருவரும் வழி நெடுகத் தூங்கித்தான் வழிந்தார்கள். காதலைவிட அலுப்புக்கு வலு அதிகம். கூட்ரோட்டில் இறங்கி, மேட்டில் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு ஏறும்போதுதான் பேச்சு வந்தது. மழை கொஞ்சம் விட்டிருந்தது.

"உங்க சைக்கிள்ல இன்னும் பேரே இல்லியே மோகனா... மறுபடியும் மாறிடப் போவுது."

அவள் இதற்காகவே மூன்று நாளாகப் பையில் நெயில் பாலிஷ் வைத்திருந்தாள். எடுத்து நீட்டினாள். "உங்க எழுத்து அழகா கீது. நீங்களே எழுதுங்க."

செயின் கவரைத் துப்பட்டாவால் துடைத்துக் கொடுத்தாள். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். குட்டிப் பிரஷ்ஷால் மெதுவாக, குண்டு குண்டாக... மோகனா. தன் பேர் இவ்வளவு அழகா என்று அவளுக்கே தோன்றியது.

"இனிஷியல் இன்னா போடட்டும்? நைனா பேரு வெங்கடேசன்... 'வெ'வா?"

"அந்த எடத்த சும்மா வுடுங்க."

"ஏன்?"

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இப்ப 'வெ' போட்டா... அப்புறம் அழிச்சிட்டு 'து' போடணும்."

பிரஷ் அந்தரத்தில் நின்றது.

"மோகனா... வூட்ல இன்னா சொல்லுவாங்கன்னு தெரியும் இல்ல?"

"சொல்லிட்டேன். நைனா மூணு நாளா பேசல. நான் தெனமும் தறியாண்ட போயி நின்னுக்கினே கீறேன். பேசறவரைக்கும் நிப்பேன். நின்னு நின்னு எனக்குத்தான் பழக்கமாச்சே..." குரல் உடைந்தது. ஆனாலும் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். "எனக்கு உங்களப் புடிச்சிருக்கு துரை. ரொம்பப் புடிச்சிருக்கு."

"எங்க வூடு மழைக்கு ஒயுவும்மா..."

"சிவப்பு கவரு கீதே!"

அவன் சிரித்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "உங்க சைக்கிள மிதிச்சேனே அந்த ராத்திரி... அன்னிலேர்ந்து எந்த மேடு வந்தாலும் உங்க ஞாபகம்தான். எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு மோகனா. சொல்ற தைரியம்தான் இல்லாம இருந்துச்சு."

பிறகு பிரஷ்ஷை இன்னொரு முறை தோய்த்தான். மோகனாவுக்கு முன்னால் ஓர் எழுத்துக்கு இடம் விட்டு, இனிஷியலின் புள்ளியை மட்டும் வைத்தான்.

மறுபடி தூறல் விழுந்தது. மோகனா துப்பட்டாவை விரித்துச் செயின் கவரின் மேல் பிடித்தாள். மறுமுனையை அவன் பிடித்துக்கொண்டான். நெயில் பாலிஷ் காயும்வரை இருவரும் அந்த மேட்டை விட்டு நகரவில்லை.