நம்பர் கிடைக்கும்வரை

மற்ற சுவர்களெல்லாம் காய்ந்துவிட்டன. சாப்பாட்டு அறையின் பின்சுவர் மட்டும் காயவில்லை. முழுச் சுவரும் ஈரமாக இருந்தால் மழைக்காலம் என்று விட்டுவிடலாம். இது இடுப்பு உயரத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் கறுத்து நின்றது. கூரை ஒழுகினால் மேலிருந்து கோடாக இறங்கும், தரை ஈரம் என்றால் கீழிருந்து ஏறும். ஷீஜா பழைய துண்டால் அதை அழுத்தித் துடைத்தாள். அடுக்களையில் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது அதே இடத்தில், அதே அளவில் திரும்ப வந்திருந்தது. கண்ணாடியில் ஊதினால் படருமே, அந்த மாதிரி.

போன சனிக்கிழமை வரை அந்த இடத்தில் ஒரு வாசல் இருந்தது. அதற்கு அப்பால் ஓர் அறை. இந்த வீட்டின் பிளானில் இல்லாத அறை.

அது மகள் தும்பியின் அறை. விஷுவுக்குக் கொளுத்திய மத்தாப்பு குழந்தையின் வலது மணிக்கட்டைச் சுட்டுவிட்டது. புளியங்கொட்டை அளவுக்குத் தழும்பு. அன்றைக்கு அவள் அழுகையை நிறுத்த, "உனக்குன்னு தனி ரூம் கட்டித் தரேன், மஞ்சள் பெயின்ட் அடிச்சு," என்று ஷீஜா வாக்குக் கொடுத்தாள். மஸ்கட்டிலிருந்து கணவன் பிரதீபனும் போனில் சரி என்றான். கொல்லைப் பக்கம் பக்கத்து வீட்டு மதில் வரை இழுத்துக் கட்டிவிட்டார்கள். ஜன்னல்கூட வைக்கவில்லை. கூரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம், அதற்குக் கதவு போட நேரம் இல்லை. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே தும்பி அதில் குடியேறிவிட்டாள். மத்தியானத் தூக்கமெல்லாம் அங்கேதான், சிமென்ட் மூட்டைகளின் மேல்.

பிளான் வரைந்து நகரசபைக்கு நடையாக நடக்கிற லதீஷ்தான் வந்து தலையில் கை வைத்தான்.

"சேச்சி, மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவுல இடம் விடணும்னு சட்டம். நீங்க ஒரு சாண்கூட விடல. இந்த ரூம் நகரசபை ஓவர்சியர் கண்ணுல பட்டுச்சுன்னா இந்த ஜென்மத்துல உங்களுக்கு வீட்டு நம்பர் இல்ல."

"இடிக்கச் சொல்றியா?"

"யாரு இடிக்கச் சொன்னா? வாசலை மட்டும் செங்கல் வெச்சு அடைச்சுப் பூசுங்க. நம்பர் வந்ததும் உடைச்சுக்கலாம். இந்த ஊர்ல பாதி வீடு அப்படித்தான் நம்பர் வாங்கியிருக்கு. என் மாமியார் வீடே அப்படித்தான்."

"வெளியே சுத்திப் பார்த்தா தெரியுமே?"

"கொல்லையில முட்டளவு சேறு. ரெண்டு தகரத்தைச் சாத்தி விறகை அடுக்குங்க. செருப்பு நனைய எந்த ஓவர்சியர் அங்க போறான்?"

ஷீஜாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. வீட்டு நம்பர் இல்லாமல் மின்சாரம் கிடையாது, ரேஷன் கார்டு கிடையாது. கட்டட வேலைக்கென்று கொடுத்திருந்த கரண்டை வேலை முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. பிரதீபனின் ஒப்பந்தம் முடிகிறது, திரும்பி வந்தால் இந்த நான்கு சுவரைத் தவிர அவர்களுக்கு உலகத்தில் ஒன்றுமில்லை. கர்க்கடகம், அதாவது ஆடி, பிறந்துவிட்டால் பால் காய்ச்சவும் முடியாது. அதனால் எல்லாவற்றையும் அடுத்தடுத்து வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனார் வாசலை அடைத்துப் பூசினார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு, வீட்டின் தச்சு வேலை பார்த்த மூத்தாசாரி வந்தார்.

வீடு கட்டுகிற காலமெல்லாம் உள்ளே வந்து ஒட்டிக்கொண்ட காத்துகருப்பை எல்லாம், குடியேறுவதற்கு முன் ஆசாரி அறை அறையாக விரட்ட வேண்டும். அதைச் செய்யாமல் அந்த ஊரில் யாரும் பால் காய்ச்சுவதில்லை.

"எல்லா அறையும் திறந்திருக்கா மோளே?"

"திறந்திருக்கு."

ஆசாரி புதுப் பூச்சின் மேல் கையை வைத்தார். "இதுக்கு அந்தப் பக்கம்?"

ஷீஜா லதீஷைப் பார்த்தாள். லதீஷ் தரையைப் பார்த்தான். மூத்தாசாரியின் வாயில் ஒன்று விழுந்தால் விடிவதற்குள் டீக்கடை முழுக்கத் தெரிந்துவிடும்.

"மதில்தான் ஆசாரியே."

"சரி. ஒரு அறை விட்டுப்போச்சுன்னா எல்லாம் அதுக்குள்ள போய் ஒண்டிக்கும். அப்புறம் வீட்டு ஆளோட குரல்லயே கூப்பிடும். பதில் சொன்னீங்களோ, போச்சு. அதுக்காகத்தான் கேட்டேன்."

எல்லோரையும் வெளியே அனுப்பினார். தெருவைப் பார்த்து, வீட்டுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், திரும்பவே கூடாது. மழை. உள்ளே அவர் காலால் தரையை உதைத்துக்கொண்டு அறை அறையாக ஓடும் சத்தம், கூச்சல், பந்தத்தின் எண்ணெய்ப் புகை. பிறகு அவர் வெளியே பாய்ந்து அவர்களைக் கடந்து இருட்டுக்குள் ஓடினார். அப்போதுதான் ஷீஜாவுக்குத் தும்பியின் நினைப்பு வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு இருப்பாள் என்று நினைத்திருந்தாள். கூப்பிட வாயெடுப்பதற்குள், பின்னாலிருந்து ஒரு சின்னக் கை அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தது.

"எங்கடீ போயிருந்தே?"

தும்பி பதில் சொல்லவில்லை. மழையில் நின்றிருந்தும் அவள் தலை நனையவே இல்லை.

மறுநாள் விடியலில் பால் பொங்கியது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை வர வேண்டிய ஓவர்சியர் வரவில்லை. தாழ்வான பகுதிகளில் வெள்ளம், அவருக்கு முகாமில் வேலை. வியாழக்கிழமைதான் வருவார் என்று லதீஷ் சொன்னான். அதுவரை சுவர் நிற்க வேண்டும், அவ்வளவுதானே என்று ஷீஜா நினைத்தாள்.

விருந்துக் கூட்டத்தின் இரைச்சல் கலைந்த பிறகுதான் சுரண்டும் சத்தம் முதலில் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டுத் தகரத்தில் மழை கொட்டுகிற ஓசைக்கு அடியில், நின்று நின்று, நகத்தால் பாத்திரத்தின் அடியைச் சுரண்டுவது போல. எலி என்று நினைத்தாள். திங்கள் மத்தியானம், வானம் மூடி வீடு முழுக்க இருட்டிக்கிடந்த நேரத்தில், சிம்னி விளக்கின் மண்ணெண்ணெய் நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து அவள் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தும்பி எதிரே அந்தப் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்போது அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து, தும்பியின் குரல் வந்தது.

"அம்மா."

ஷீஜாவின் கையிலிருந்த முறம் சரிந்தது.

"அம்மா, இருட்டா இருக்கும்மா. லைட்டைப் போடும்மா."

எதிரே இருந்த தும்பியின் உதடு அசையவில்லை. அவள் ஷீஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷீஜா பாய்ந்து குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பதில் சொல்லக் கூடாது. ஆசாரி சொன்னது இதைத்தான். பொய் சொன்னாளே, அந்த அறை விட்டுப்போயிற்றே, எல்லாம் அதற்குள் போய் ஒண்டிக்கொண்டதே. குரல் அழுதது. தண்ணீர் கேட்டது. மழைத்தண்ணி சொட்டுகிறது, அதை நக்கிக் குடித்தேன், சிமென்ட் மாதிரி இருக்கிறது என்றது. தும்பி கோபப்பட்டால் சொல்வதைப் போலவே, "போ, உன்கூட டூ," என்றது. இத்தனை அச்சாகக் கற்றுக்கொண்டிருக்கிறதே என்று பயந்து ஷீஜா மடியிலிருந்த குழந்தையின் காதுகளைப் பொத்தினாள்.

லதீஷுக்குப் போன் போட்டாள்.

"சுவரை உடைச்சிடலாம்டா. உள்ள என்னமோ இருக்கு."

"சேச்சி, பக்கத்து வீட்டுக்காரன் ஏற்கெனவே மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். இப்ப உடைச்சா மொத்த வீட்டையும் இடிக்க உத்தரவு வரும். வியாழக்கிழமை வரைக்கும் காதுல பஞ்சு வெச்சுக்கோங்க."

பிரதீபனும் அதையேதான் சொன்னான். "பல்லைக் கடிச்சுக்கோ ஷீஜே. நான் வேற எங்க போவேன், சொல்லு?" அவன் குரல் உடைந்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.

தும்பிதான் ஒரே ஆறுதல். இருட்டைக் கண்டால் வீட்டையே இரண்டாக்குகிறவள், இப்போது விளக்கு வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை. அடம் இல்லை, அழுகை இல்லை. சனிக்கிழமையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்திருக்கிறாள், பாவம். கஞ்சியை ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் அத்தனையையும் துப்பிவிட்டு வருவாள். குளிக்கவும் வரவில்லை. சளி பிடித்திருக்கும் என்று ஷீஜாவும் விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை குரல் கம்மியது. புதன்கிழமை பேச்சே இல்லை, எப்போதாவது ஒரு தட்டல் மட்டும். ஷீஜாவுக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்குத்தான் கொஞ்சம் கண் அயர்ந்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஓவர்சியர் சாபு குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார், லதீஷ் பின்னாலேயே.

"சின்ன வீடுன்னு சொன்னாங்க, சேச்சி அரண்மனையே கட்டிட்டீங்களே!"

சிரித்துக்கொண்டே நாடாவை விரித்தார். முன்னறை. படுக்கை அறை. அடுக்களை. சாப்பாட்டு அறைக்கு வந்ததும் நின்றார்.

"இங்க மட்டும் என்ன, புதுப் பூச்சு?"

"ஈரம் வந்துச்சு சாரே. திரும்பப் பூசினோம்."

அவர் அந்தக் கறுத்த இடத்தில் கையை வைத்தார்.

உள்ளேயிருந்து தட்டியது. ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, இன்னொரு தடவை.

"என்னது அது?"

லதீஷின் முகத்தில் ரத்தமே இல்லை. ஷீஜா சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"எலி, சாரே. அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல, வெறும் மதில்."

"எலிக்கும் சேர்த்து வரி போடணும் போலிருக்கே," என்றார் சாபு. நாடாவைச் சுருட்டினார். "ஆக, எத்தனை பேர் குடியிருக்கீங்க?"

"நானும் என் மகளும். அவர் வெளிநாட்டுல."

தும்பி ஷீஜாவின் பின்னால் நின்றிருந்தாள். சாபு போகிற போக்கில் அவள் தலையைத் தடவினார். பிறகு தன் கையைப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஈரச் சாந்து. முகம் சுளித்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"குழந்தையைக் குளிப்பாட்டுங்க சேச்சி. தலையெல்லாம் சிமென்ட்."

வாசல் நிலையில் கறுப்பு மையால் நம்பரை எழுதினார். லதீஷ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அவரோடு வண்டியில் ஏறினான். ஷீஜா அந்த நம்பரைத் தொட்டுக் கும்பிட்டாள். முடிந்தது. வீடு பிழைத்தது. இனி ஆசாரியைக் கூப்பிடலாம், காலில் விழலாம், சுவரை உடைத்து முறைப்படி விரட்டலாம்.

தும்பியைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள். சாந்து கரைந்து ஓடியது. இன்னொரு வாளி. இன்னும் ஓடியது. கைகளைத் தேய்த்தாள். இடது கை. வலது கை. மணிக்கட்டு.

மறுபடி தேய்த்தாள்.

விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது. இடது கையைப் பார்த்தாள். திரும்ப வலது கை. புளியங்கொட்டை அளவுக்கு அங்கே ஒன்று இருக்க வேண்டும். மத்தாப்பு சுட்டது. அவள் மருந்து போட்டது. முத்தம் கொடுத்தது.

இல்லை.

சனிக்கிழமை. சாயங்காலம். சிமென்ட் மூட்டைகளின் மேல் தூக்கம். கொத்தனார் அவசரத்தில் இருந்தார். யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை.

வாளி உருண்டது. ஓடினாள். கடப்பாரை கதவுக்குப் பின்னால். தூக்கினாள். இடித்தாள்.

"தும்பீ! அம்மாடி! அம்மா வந்துட்டேன்டீ!"

நான்கு நாளாக விழுங்கிய பதிலெல்லாம் இப்போது தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. பூச்சு பெயர்ந்தது. ஒரு செங்கல். இன்னொன்று. கையால் பிடுங்கினாள். நகம் பிய்ந்தது. உள்ளே இருட்டு. மூத்திர நாற்றம். ஈரச் சிமென்ட் நாற்றம்.

ஓட்டையின் விளிம்பில், அந்தக் கறுத்த ஈரம் இருந்த உயரத்தில், ஒரு சின்னக் கை கிடந்தது. விரல் நுனிகள் தேய்ந்து, நகக்கண்ணில் சாந்து. மணிக்கட்டில் தழும்பு.

அப்போது பின்னாலிருந்து யாரோ அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தார்கள். சொட்டச் சொட்ட நனைந்த கை.

"அம்மா."

சனிக்கிழமைக்குப் பிறகு அது முதன்முதலாகப் பேசியது. தும்பியின் குரலேதான். சந்தோஷமாக இருந்தது.

"நம்பர் வந்தாச்சு இல்லம்மா? இனி என்னை யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டாங்க இல்ல?"

ஷீஜா திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டைக்குள் கையை நீட்டி, அந்தச் சின்ன விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அவை அவள் விரல்களைத் திரும்பப் பிடிக்கவில்லை.